வெயிலால் இறந்தார் என்று யார் எழுதுவது?

(கோல்டிங்கிலிருந்து இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் விரித்தெழுதிய வடிவம்)

ஐரோப்பாவில் வேலை முடிந்து வந்த களைப்போடு இருப்பவர்களுக்கும், கனடாவில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இணைந்தவர்களுக்கும், அவுஸ்திரேலியாவில் நித்திரை முழித்துக்கொண்டு கேட்பவர்களுக்கும் என் நன்றி.

வழக்கமாக இந்த நேரலையில் ஒரு நாவலையோ ஒரு கவிஞரையோ எடுத்துக்கொண்டு பேசுவோம். இன்று வெயிலைப் பற்றிப் பேசப்போகிறேன். இலக்கியக் கூட்டத்தில் இதென்ன வானிலை அறிக்கை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நான் பேசப்போவது ஒரு சொல்லைப் பற்றித்தான். ‘வெப்ப அலை’ என்ற சொல்லை யார், எப்போது, எதற்குச் சொல்லலாம்? அதைச் சொன்னால் யாருடைய பணம் யாருக்குப் போகும்? சொல்லாவிட்டால் யார் கணக்கில் இல்லாமல் போவார்கள்? இந்தக் கேள்விகளைச் சுற்றித்தான் இன்றைய அரசியல் சண்டை நடக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு யூலை மாதம். கோல்டிங்கில் நாலைந்து நாள் நல்ல வெயில். வானொலியில் ‘வெப்ப அலை’ என்று அறிவித்தார்கள். கடைகளில் மின்விசிறி முடிந்துவிட்டது. அன்றிரவு சின்னம்மாவோடு தொலைபேசியில் கதைத்தேன். அவர் 1990இல் படகில் ராமேஸ்வரம் போனவர், இன்றுவரை தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழருக்கான முகாம் ஒன்றில் இருக்கிறார். இங்கே 28 பாகைக்கு வெப்ப அலை என்கிறார்கள் என்று சொன்னதும் சிரித்தார். “இருபத்தெட்டோ? இஞ்சை விடியக்காலமை எழும்பேக்கையே அவ்வளவு இருக்கும்.” பக்கத்தில் இருந்த சித்தப்பா தொலைபேசியை வாங்கினார். அவர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறவர். “அவையளை இஞ்சை வந்து ஒரு கிழமை என்னோடை வெளிச்சுவர் பூசச் சொல்லு” என்றார். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பில் ஒரு பிழை இருந்தது. அது பிடிபட எனக்குச் சில வருடங்கள் எடுத்தன.

டென்மார்க்கின் வானிலை நிறுவனம் வெப்ப அலையை இப்படி வரையறுக்கிறது: தொடர்ந்து மூன்று நாட்களின் உச்ச வெப்பநிலைச் சராசரி 28 பாகை செல்சியஸைத் தாண்ட வேண்டும். 25ஐத் தாண்டினால் அதற்கு வேறொரு மென்மையான பெயர் உண்டு. இந்த நாட்டில் இதுவரை பதிவான ஆகக் கூடிய வெப்பநிலை 36.4 பாகை. எங்கள் ஜூட்லாந்திலேயே ஹோல்ஸ்டெப்ரோவில், 1975 ஓகஸ்ட் 10ஆம் திகதி பதிவானது. ஊரில் அதை ஒரு சாதாரண சித்திரை நாள் என்போம். ஆனால் இங்கே வீடுகள் சூட்டை உள்ளே பிடித்து வைக்கவென்றே கட்டப்பட்டவை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் கனமாகக் காப்புப் பொருளை வைத்து அடைத்தார்கள். முதியோர் இல்லங்களில் நம்மவர்கள் பலர் வேலை செய்கிறார்கள், அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: மூன்றாம் நாள் வெயிலில் அந்த அறைகள் எப்படி இருக்கும், எண்பத்தைந்து வயதில் தாகம் தெரியாத ஒருவருக்குத் தண்ணீர் கொடுப்பது என்ன பாடு என்று. ஆக, 28 என்பது வேடிக்கையான எண் அல்ல. இந்த ஊரின் உடம்புக்கும் இந்த ஊரின் வீட்டுக்கும் அளந்து வைத்த எண் அது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறை வேறு. சமவெளியில் குறைந்தது 40 பாகை, கடற்கரையில் 37, மலைப்பகுதியில் 30. அதைத் தொட்டால் மட்டும் போதாது. அந்த இடத்தின் இயல்பான வெப்பநிலையைவிட 4.5 பாகையாவது கூடியிருக்க வேண்டும். 6.4ஐத் தாண்டினால் கடும் வெப்ப அலை. இயல்பு எதுவாக இருந்தாலும் 45ஐத் தொட்டால் வெப்ப அலைதான், 47 என்றால் கடும் வெப்ப அலை. அதுவும் ஒரு வானிலை உட்பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில், இரண்டு நாள் தொடர்ந்து இருக்க வேண்டும். இரண்டாம் நாள்தான் அறிவிப்பார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது ‘இயல்பிலிருந்து விலகல்’ என்ற எண்ணம். நமக்கு இது புதிதல்ல. சிலப்பதிகாரத்தில், காடுகாண் காதையில், மதுரைக்குப் போகும் வழியை மாங்காட்டு மறையவன் கோவலனுக்குச் சொல்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். பாலை என்று தனியாக ஒரு நிலம் இருப்பதாக அவன் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு கெட்டு எடுக்கிற கோலமே பாலை என்கிறான். வெயிலின் கொடுமையை எத்தனை பாகை என்று பார்க்காமல், ஒரு நிலம் தன் முறைமையிலிருந்து எவ்வளவு திரிந்தது என்று பார்க்கிறான். வானிலைத் துறையின் வரையறையில் பாதி இளங்கோவுக்குப் புரிந்திருக்கும்.

மற்றப் பாதி, அதாவது 40, 37 என்ற முற்றான எண், இருக்கிறதே, அங்கேதான் சிக்கல். வெப்பமானி காற்றின் சூட்டை அளக்கிறது. உடம்பு தன்னைக் குளிர்விப்பது வியர்வை ஆவியாவதால். காற்றில் ஈரம் கூடினால் வியர்வை வழியும், ஆவியாகாது. அதனால்தான் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் எண்ணை, ஈரக்குமிழ் வெப்பநிலை என்று சொல்வதை, மருத்துவர்கள் பார்க்கச் சொல்கிறார்கள். அது 35ஐத் தொட்டால் நிழலில் சும்மா இருக்கிற ஆரோக்கியமான ஆளும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார் என்று நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். 2022இல் அமெரிக்காவில் இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வு, ஈரப்பதம் கூடிய சூழலில் அந்த எல்லை சுமார் 31தான் என்று காட்டியது. டில்லியின் காய்ந்த 42ஐவிடச் சென்னையின் புழுங்கும் 36 கொடியதாக இருக்கலாம். நம் மொழி வெயில், வெக்கை, புழுக்கம் என்று மூன்றையும் பிரித்து வைத்திருக்கிறது. அரசாங்க வரையறைக்குப் புழுக்கம் தெரியாது.

இப்போது 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, சென்னை மெரினாவுக்குப் போவோம். இந்திய விமானப்படையின் 92ஆவது ஆண்டு நிறைவையொட்டி வான் சாகச நிகழ்ச்சி. லிம்கா சாதனை நூலில் இடம்பெறும் நோக்கத்தோடு மக்களை அழைத்தார்கள். பல இலட்சம் பேர் வந்தார்கள். நிகழ்ச்சி முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 1 மணி வரை. கடற்கரை மணல், நிழல் கிடையாது, பிள்ளைகளைத் தோளில் தூக்கிய கூட்டம். முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அன்று 5 பேர் இறந்தார்கள். இருநூறுக்கு மேற்பட்டவர்கள் மயங்கியதாகச் செய்திகள் சொல்லின. அக்டோபர் கோடை காலம்கூட அல்ல.

பிறகு நடந்த சண்டையை உற்றுக் கவனியுங்கள். எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி, தண்ணீரும் போக்குவரத்தும் சரியாகச் செய்யாத அரசின் நிர்வாகத் தோல்வி என்றார். சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன், மருத்துவ ஏற்பாடுகள் போதுமானவையாக இருந்தன, இறப்புகளுக்குக் காரணம் வெயில், குடையும் தண்ணீரும் கொண்டுவரும்படி விமானப்படை முன்பே சொல்லியிருந்தது என்றார். முதல்வர் ஸ்டாலின் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 5 இலட்சம் ரூபாய் அறிவித்தார்.

அங்கே யாருமே வெயிலை மறுக்கவில்லை. மேலைநாட்டு ஊடகங்களில் நாம் கேட்டுப் பழகிய ‘பூமி சூடாகிறதா, இல்லையா’ என்ற சண்டை அது அல்ல. ஆட்சியில் இருப்பவர்களுக்கு ‘வெயில்தான் காரணம்’ என்பது கையில் கிடைத்த குடை. எதிரில் இருப்பவர்களுக்கு ‘வெயில் என்று தப்பிக்காதே’ என்பது ஆயுதம். நாளைக்கு நாற்காலிகள் இடம் மாறினால் வசனங்களும் மாறும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டு பேச்சிலும் உண்மை இருந்தது. வெயில் கொன்றது. நண்பகலில் நிழலில்லாத மணலில் அத்தனை பேரைக் கூட்டியதும் கொன்றது. இயற்கை, நிர்வாகம் என்று ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும்போதே கேள்வி கோணலாகிவிடுகிறது.

அந்த மாதம் முடிவதற்குள் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலத்தின் பேரிடராக அறிவித்தது. ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கோரிக்கை பழையது, 2024 கோடையும் கடுமையானது. அந்த அறிவிப்பின்படி வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. உப்புச் சர்க்கரைக் கரைசல், குடிநீர், மருத்துவ ஏற்பாடு ஆகியவற்றுக்கும் பேரிடர் நிதியிலிருந்து செலவிடலாம். கேரளம், ஒடிசா போன்ற மாநிலங்கள் இதை முன்பே செய்திருந்தன.

ஏன் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது? இந்திய ஒன்றிய அரசின் பேரிடர் நிவாரணப் பட்டியல் ஒன்று உண்டு. சூறாவளி, வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், ஆழிப்பேரலை, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், பிறகு உறைபனியும் குளிர் அலையும். தமிழ்நாடு தன் அறிவிப்பைச் செய்தபோது அந்தப் பட்டியலில் குளிர் அலை இருந்தது, வெப்ப அலை இல்லை. தூத்துக்குடிக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னால் பகிடி என்று நினைப்பார்.

ஆனால் ஒன்றியத் தரப்பின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். பட்டியலில் உள்ள பேரிடர்களுக்கான மாநில நிதியில் பெரும்பாலான மாநிலங்களுக்கு 75 சதவீதம் ஒன்றியத்தின் பங்கு. என். கே. சிங் தலைமையிலான 15ஆவது நிதிக் குழு, இருக்கிற பட்டியலே மாநிலங்களின் தேவையைப் பெரிதும் நிறைவு செய்கிறது, விரிக்கத் தேவையில்லை என்றது. வேண்டுமானால் மாநிலங்கள் தமது நிதியில் 10 சதவீதம் வரை உள்ளூர்ப் பேரிடர்களுக்கு எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அந்தக் கதவால்தான் நுழைந்தது. இதன் பின்னால் சொல்லப்படாத ஒரு பயமும் இருக்கிறது என்பது என் ஊகம். வெயில் ஒவ்வோர் ஆண்டும் வரும், கோடிக்கணக்கானவர்கள்மீது படும். புயலுக்குக் கரை கடந்த நேரம் உண்டு, வெள்ளத்துக்குச் சுவரில் கோடு உண்டு. வெயிலால் இறந்தவரை எப்படி அடையாளம் காண்பது? ஒவ்வொருவருக்கும் 4 இலட்சம் என்றால் நிதி எங்கே போய் நிற்கும்?

இந்தக் கேள்வி கெட்ட நோக்கமுள்ள கேள்வி மட்டுமல்ல. நிவாரணம் பெற, மரணத்துக்கு வெப்பமே காரணம் என்று உரிய அதிகாரி சான்று தர வேண்டும். வெப்ப மயக்கத்தில் உடல் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டும். ஆனால் ஆள் இறந்து சில மணி நேரமான பிறகு, சூடான அறையில் கிடந்த உடலில் அந்த அளவு எதையும் சொல்லாது. பிரேத பரிசோதனையில் ‘இது வெயில்’ என்று காட்டும் தனி அடையாளமும் இல்லை. எங்கே கிடந்தார், என்ன வேலை செய்தார், கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார் என்று விசாரித்துத்தான் முடிவுக்கு வரலாம். வெயில் பெரும்பாலும் வேறு ஒரு நோயின் கையால் கொல்கிறது: இதயம், சிறுநீரகம், நுரையீரல். சான்றிதழில் அந்த உறுப்பின் பெயர்தான் இருக்கும்.

இதனால் வருகிற குழப்பத்துக்கு ஓர் உதாரணம். 2015 தொடங்கி 2022 வரை இந்தியாவில் வெப்பத்தால் இறந்தவர்கள் எத்தனை பேர்? தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு 3,812. வானிலைத் துறையின் கணக்கு 3,436. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு 8,171. மூன்றும் ஒரே அரசின் அமைப்புகள். ஒன்று ஆஸ்பத்திரியைப் பார்க்கிறது, ஒன்று செய்திகளைத் தொகுக்கிறது, ஒன்று பொலிஸ் பதிவைப் பார்க்கிறது. பதிவாகும் மரணங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குத்தான் மருத்துவர் காரணம் எழுதுகிற நாட்டில், இந்த மூன்றுமே குளத்தில் ஒரு சிரங்கைத் தண்ணீர்.

வேறு வழி இருக்கிறது, அதை இந்தியாவிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 பாகை வரை போனது. ஒவ்வொரு சான்றிதழிலும் காரணம் தேடாமல், அந்த மாதம் நகரத்தில் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள், முந்திய பிந்திய ஆண்டுகளின் மே மாதங்களில் எத்தனை பேர் என்று ஒப்பிட்டார்கள். வழமையைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். அந்த எண் மாநகராட்சியை அசைத்தது. 2013இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டம் அங்கே பிறந்தது. முன்னெச்சரிக்கை, ஆஸ்பத்திரிகளில் பனிக்கட்டி, கூரைக்கு வெள்ளை பூசுதல் என்று எளிமையான வேலைகள்.

ஐரோப்பாவில் வாழும் நாம் கேள்விப்படும் எண்களும் இப்படி வருபவையே. 2022 கோடையில் ஐரோப்பாவில் வெப்பத்தால் 61,672 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களின் சான்றிதழில் வெயில் என்ற சொல்லே இருக்காது. டென்மார்க்கில் 1968இலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண் உண்டு. நாம் வந்து இறங்கியதும் முதலில் கையில் தந்தது அதைத்தானே. கோல்டிங்கில் ஒருவர் இறந்தால் சில நாட்களில் அது கணக்கில் சேரும். ஐரோப்பிய நாடுகளின் வாராந்த மிகை மரணங்களைக் கண்காணிக்கும் மையமும் கோபன்ஹேகனில்தான் இருக்கிறது. 28 பாகையைப் பார்த்துச் சிரித்த அன்று எனக்குத் தெரியாமல் இருந்தது இதுதான்: இந்த நாடு 28க்கே எண்ணத் தொடங்குகிறது. என் சித்தப்பா வேலை செய்த இடத்தில் 41க்கும் யாரும் எண்ணவில்லை.

எண்ணினால் அரசியல் மாறுமா என்று கேட்டால், பாரிசில் இருப்பவர்கள் பதில் சொல்லலாம். 2003 ஓகஸ்டில் பிரான்சில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தனியே இருந்த முதியவர்கள், பிள்ளைகள் விடுமுறைக்குப் போயிருந்தார்கள். சுகாதாரத் துறையின் தலைமை இயக்குநர் பதவி விலகினார். அடுத்த ஆண்டு, முதியோர் பராமரிப்புக்குப் பணம் திரட்டவென்று சம்பளமில்லாமல் ஒரு நாள் கூடுதலாக வேலை செய்யும் சட்டம் வந்தது. தொடக்கத்தில் அது பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை விடுமுறையைத் தின்றது. ‘இந்த லீவை ஏன் பிடுங்கினவங்கள்’ என்று லா சப்பலில் அன்று திட்டியவர்களில் எத்தனை பேருக்கு அது வெயிலின் பாக்கி என்று தெரிந்திருக்கும்!

இந்த இடத்தில் கோல்டிங்கில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் அண்ணை என்னை மறிப்பார். முப்பது வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் குளிருக்குள் நின்றவர். “தம்பி, நாங்கள் வெயிலுக்கைதானே வளர்ந்தனாங்கள். குளிர்தான் ஆக்களைக் கொல்லுறது. இவங்கள் வெயிலெண்டு பயப்படுத்திக் காசு பிடுங்குறாங்கள்.” அவரை ஒதுக்கிவிட முடியாது. இதே வாதத்தை உலகுக்கு எடுத்துச் சென்றவரும் ஒரு டெனிஷ்காரர்தான், பியோன் லொம்போர்க். 2015இல் மருத்துவ இதழான லான்செட்டில் வந்த பெரிய ஆய்வு, 13 நாடுகளில் 7 கோடி 40 இலட்சம் மரணங்களைப் பார்த்து, குளிரோடு தொடர்புடையவை சுமார் 7.3 சதவீதம், வெப்பத்தோடு தொடர்புடையவை 0.4 சதவீதம் என்றது. எண் பொய்யல்ல. ஆனால் அந்த 13 நாடுகளில் இந்தியா இல்லை, இலங்கை இல்லை. குளிர் மரணங்களில் பெரும்பகுதி கடும் குளிரால் வந்தவையும் அல்ல. மிதமான குளிர் மாதக்கணக்காகப் பரவி இழுத்துச் செல்பவை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கோல்டிங்கில் ஒரு கிழவர் குளிரிலிருந்து தப்புவதை வரவில் எழுதி, கல்நார்க் கூரைக்குக் கீழே ஒரு பெயின்டர் சாவதைச் செலவில் எழுதி, கழித்து மிச்சம் காட்ட முடியாது. வரவு ஒருவருக்கு, செலவு இன்னொருவருக்கு. அண்ணை இதற்குப் பதில் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “காசு பிடுங்குறது உண்மைதானே” என்றார்.

காசு விடயத்தில் அவர் முழுக்கப் பிழையுமல்ல. டென்மார்க்கின் சண்டையும் அங்கேதான் வந்து நிற்கிறது. 2019 மே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் இரவில், டெனிஷ் மக்கள் கட்சியின் பியா கியஸ்கோர், தன் கட்சி சரிந்ததற்குக் காலநிலையைப் பற்றியே கத்துகிறவர்களைக் காரணம் காட்டினார். காலநிலைக் கிறுக்கர்கள் என்று பொருள்படும் ஒரு சொல்லால் அவர்களை அழைத்தார். நம்மவர்கள் அவரை வேறு காரணங்களுக்காக நன்றாகவே நினைவில் வைத்திருப்போம். சில நாளில் சிலர் அந்தச் சொல்லைப் பெருமையாகச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். யூன் 5ஆம் திகதி பொதுத் தேர்தலில் அவருடைய கட்சி 37 இடங்களிலிருந்து 16க்கு விழுந்தது. அடுத்த ஆண்டு, 2030க்குள் 1990இன் அளவிலிருந்து 70 சதவீதம் உமிழ்வைக் குறைக்கும் சட்டம் பெரும்பாலான கட்சிகளின் ஆதரவோடு நிறைவேறியது.

அதோடு சண்டை முடியவில்லை, இடம் மாறியது. இது மக்களைவிடப் பன்றிகள் கூடுதலாக இருக்கிற நாடு. 2024 யூனில் அரசும் விவசாய அமைப்புகளும் சுற்றுச்சூழல் அமைப்பும் தொழிற்சங்கமும் உட்கார்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 2030இலிருந்து கால்நடைகளின் உமிழ்வுக்கு வரி, தொன்னுக்கு 300 குரோனர், 2035இல் 750. ஆனால் 60 சதவீதக் கழிவு உண்டு, எனவே விவசாயி உண்மையில் கட்டுவது 120இல் தொடங்கி 300க்குப் போகும். உலகில் முதல் முறை என்றார்கள். போதாது என்று ஒரு பக்கம், எங்கள் கழுத்தை நெரிக்கிறது என்று மறு பக்கம். மாட்டின் ஏப்பம் பூமியைச் சூடாக்குகிறதா என்று இப்போது பெரிதாக யாரும் கேட்பதில்லை. விலை யார் தலையில் என்பதுதான் கேள்வி.

பெயர் எப்படிப் பணமாகிறது என்பதை 2023 அக்டோபர் 20, 21இல் கோல்டிங்கிலேயே பார்த்தோம். கிழக்குக் காற்று கடலை எங்கள் குடாவுக்குள் தள்ளியது, துறைமுகப் பகுதி வெள்ளத்தில் நின்றது. இங்கே ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. உங்கள் நிலவறைக்குள் வந்தது கடல் நீர் என்றால், அதுவும் 20 ஆண்டுக்கு ஒரு முறைக்கும் அரிதான உயரம் என்று அதிகாரபூர்வமாக முடிவானால், தீக்காப்புறுதி வைத்திருக்கும் எல்லோரிடமும் சிறிது சிறிதாக வாங்கிய பொது ஏற்பாட்டிலிருந்து இழப்பீடு. வந்தது திடீர்ப் பெருமழை என்றால் உங்கள் சொந்தக் காப்புறுதி. நிலத்தடி நீர் என்றால் பெரும்பாலும் உங்கள் தலைவிதி. சப்பாத்தை நனைத்தது ஒரே தண்ணீர்தான்.

இந்தச் சண்டையின் ஆகப் பெரிய வட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1991இலேயே டில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூலில் கேட்டார்கள்: பணக்காரரின் காரிலிருந்து வரும் புகையையும், ஏழை உழவரின் நெல்வயலிலிருந்து வரும் வாயுவையும் ஒரே தராசில் எப்படி வைக்கலாம்? இன்றும் ஓர் இந்தியரின் சராசரி ஆண்டு கரியமில வாயு உமிழ்வு சுமார் 2 தொன், ஒரு டெனிஷ் ஆளுடையது அதன் இரண்டு மடங்குக்கு மேல். 2021இல் கிளாஸ்கோவில் நிலக்கரியை ‘ஒழிப்பது’ என்ற சொல்லை ‘குறைப்பது’ என்று மாற்ற வைத்தது இந்தியா. மேற்கு அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. நியாயத்தின் பெரும்பகுதி இந்தியாவின் பக்கம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் உலக மேடையில் தன் ஏழைகளைக் காட்டி நியாயம் கேட்கிற அரசு, அதே ஏழை வெயிலில் விழும்போது அவரைப் பட்டியலில் சேர்க்கவும் தயாராக இருக்க வேண்டும். ஒன்றியம், மாநிலம் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சேர்க்கப்படாதவர்கள் யார் என்பதற்கு ஓர் ஆய்வு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்கள் அவர்களுள் பாதிப்பேர். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தக் குழந்தைகள் எந்த வெப்ப அலைக் கணக்கிலும் இல்லை. அந்த நாட்களில் பலவற்றில் வானிலைத் துறையின் வரையறைப்படி வெப்ப அலையே இருந்திருக்காது.

என் சித்தப்பா 2024 மே மாதம் இறந்தார். வயது 61. சான்றிதழின் படத்தை அனுப்பியிருந்தார்கள், மாரடைப்பு என்று இருந்தது. முப்பத்தொன்று முடிந்து சில வாரம் கழித்து, அந்த நாளை எனக்கு முழுக்கச் சொல்லும்படி சின்னம்மாவைக் கேட்டேன். மூன்றாம் மாடி வெளிச்சுவர், மேற்குப் பக்கம். இரண்டு நாளாக அதே சுவர். மூன்று மணிக்கு வந்தாராம். சோறு வேண்டாம் என்றாராம். கிணற்றடியில் இரண்டு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டு, நிலம் குளிராக இருக்கும் என்று பாய் விரிக்காமல் படுத்தாராம். கரண்ட் இல்லை. ஐந்து மணிக்குத் தேத்தண்ணி கொண்டுபோய் எழுப்பினால் எழும்பவில்லை. உடம்பு நெருப்பாய்ச் சுட்டது என்று சொன்னார். யாராவது அதைக் கேட்டு எழுதினார்களா என்றேன். ஒருவரும் கேட்கவில்லை என்றார்.

தமிழ்நாட்டின் அறிவிப்பு வந்தது அதற்கு ஐந்து மாதம் கழித்து. அதைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இனி அந்தக் கடதாசியிலை எழுதினதை மாத்தலாமோ?” என்று கேட்டார்.

ஏலாது சின்னம்மா என்றேன்.